பி.ஏ.வோடு சேர்த்தா, பி.ஏ. முடித்தா? சட்டம் படிக்க நினைக்கும் பாம்பன் மாணவிக்கு

பாம்பன் தீவில் இருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். வயது 18. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். பிளஸ் டூவில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறார். ஊரையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன், விஷயத்தை மாற்றவில்லை.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா கடல்பாசி எடுப்பவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால் எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தது. அப்பா 43 நாள் யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். அம்மா கலெக்டர் ஆபீஸ், மீன்வளத் துறை ஆபீஸ், சங்கம் என்று அலைந்தார். "ஒரு காகிதம் வந்தது அக்கா. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் வக்கீலுக்குப் படிக்கணும் என்று முடிவு செய்தேன்" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பள்ளி ஆசிரியை ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி. சேரச் சொல்கிறார். தெரிந்த அண்ணன் ஒருவர், அதில் முதல் இரண்டு வருடம் சரித்திரம், சமூகவியல் என்று வீணாகிவிடும் என்கிறார். சித்தப்பாவிடம் வேறு ஒரு திட்டம்: பக்கத்துக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்துகொண்டு, அதே சமயம் வெளிமாநிலத்துக் கல்லூரி ஒன்றில் சட்டத்துக்கும் பணம் கட்டிவிடலாம், பரீட்சைக்கு மட்டும் போய் வந்தால் போதும். அம்மா 21 வயதில் கல்யாணம் என்கிறார். இதற்கு நடுவே இவருக்கு ஆங்கிலம் வராது என்ற பயம். படித்து முடித்ததும் நேராக நீதிபதி தேர்வு எழுதலாம் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். கடைசியில், "அப்பா மாதிரி பிடிபடுகிறவர்களுக்காக யாழ்ப்பாணம் கோர்ட்டுக்கே போய் வாதாட வேண்டும், அதற்கு எதைப் படிக்க வேண்டும்?" என்று முடித்திருக்கிறார்.

அக்கா என்று அழைத்துவிட்டாய். அதனால் நீ என்றே பேசுகிறேன், தங்கச்சி.

முதலில் உன் சித்தப்பாவின் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் நல்லதா, இன்னும் நல்லதா என்ற கேள்விகள். இது மட்டும் ஆபத்து.

இரண்டு படிப்பு ஒரே நேரத்தில் கூடாது

சித்தப்பா முழுக்க இல்லாததைச் சொல்லவில்லை. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று அறிவித்தது உண்மை. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் பேசியிருப்பார். ஆனால் சட்டப் படிப்புக்கு, வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி தனியாக இருக்கிறது. 2008-ல் வந்த சட்டக்கல்வி விதிகளின்படி, சட்டம் படிக்கிறவர் இன்னொரு ரெகுலர் பட்டப்படிப்பில் கூடவே சேர முடியாது. ஒரே கல்லூரியில் சேர்த்துப் படிக்கும் ஒருங்கிணைந்த படிப்புக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. நீ கேட்கும் பி.ஏ., எல்.எல்.பி. அதுதான். கம்ப்யூட்டர், மொழி போன்ற சின்னச் சான்றிதழ்ப் படிப்புக்கும் தொலைநிலைப் படிப்புக்கும் விலக்கு உண்டு. மூன்று வருட சட்டப் படிப்போ, பட்டம் ஒன்றை முடித்த பிறகுதான் சேர முடியும்.

அப்புறம், பரீட்சைக்கு மட்டும் போகும் சட்டக் கல்லூரி. இதை எங்கள் தொழிலில் லெட்டர்பேட் காலேஜ் என்று சொல்வோம். சட்டத்தைத் தபாலில் படித்து வக்கீலாக முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. வகுப்புக்குப் போகாமல் வாங்கிய சான்றிதழோடு பார் கவுன்சிலில் பதிவு செய்யப் போகும்போது, அந்த நாளில் நீ எங்கே இருந்தாய் என்ற கேள்வி வரும். ஒரே வருடத்தில் பாம்பனில் ரெகுலர் பி.ஏ., இன்னொரு மாநிலத்தில் ரெகுலர் சட்டம் என்று இரண்டு மார்க்ஷீட்டும் உன்னிடம் இருந்தால், உனக்கு எதிரான சாட்சி அவை இரண்டுமே. பதிவு செய்த பிறகு தெரியவந்தாலும் பதிவு போகும். பத்து வருடம் கறுப்புக் கோட்டு போட்டுவிட்டு அதைக் கழற்ற நேர்கிறவர்களின் நிலையை நினைத்துப் பார். சித்தப்பாவிடம் கோபப்படாதே. உன் வருடத்தை மிச்சம் பிடிக்கத்தான் பார்க்கிறார். இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டு.

அந்த இரண்டு வருடம் வீணா?

இனி அந்த அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உன் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்து வருடப் படிப்பில் முதல் வருடம் சமூகவியல் வகுப்பை விட்டுவிட்டு நூலகத்தில் தண்டனைச் சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதற்காக இன்றுவரை வருத்தம் உண்டு.

வக்கீலாகி முதல் வருடம். கடற்கரை மணலில் ஒரு குடும்பம் குடிசை போட்டு இருந்த இடம் யாருக்கு என்று வழக்கு. எதிர்த் தரப்பு, இவர்கள் சமீபத்தில்தான் வந்து உட்கார்ந்தார்கள் என்றது. எங்கள் தரப்பில் ஒரு பாட்டி சாட்சி. கூண்டில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாசி எடுத்துப் பாறையில் கிழிபட்ட விரல்கள். விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தது. "எந்த வருஷத்தில் இருந்து அங்கே இருக்கிறீர்கள்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். "வருசமெல்லாம் தெரியாதுய்யா. புயலுக்கு மறுவருசம் எங்கம்மா வந்து ஓலை கட்டுச்சு. நான் அப்ப வயசுக்கு வரல" என்றார். "எந்தப் புயல்? வருஷா வருஷம்தான் புயல் வருகிறது" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அவர் வெளியூர்க்காரர். எனக்கும் அந்த நிமிடம் ஒன்றும் தோன்றவில்லை. சாட்சி கெட்டது என்றே நினைத்தேன்.

என் சீனியர் எழுந்து மறுவிசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாட்டி, ரயில் கவிழ்ந்துச்சே, அந்தப் புயலா?" பாட்டி, "ஆமாய்யா, தனுஷ்கோடி போச்சே, அதான்" என்றார். 1964 டிசம்பர். தீவில் புயல் என்று வேறு எதுவும் சேர்க்காமல் சொன்னால் அது ஒன்றுதான். வயதானவர்கள் பிறப்பு, சாவு, கல்யாணம் எல்லாவற்றையும் அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் குடும்பம் எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு வருடம் கிடைத்துவிட்டது. என் சீனியர் அதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மக்கள் காலத்தை எப்படி நினைவு வைக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். சமூகவியலும் வரலாறும் சொல்லித்தருவது அதைத்தான். நான் விட்டுவிட்டுப் போன வகுப்பு அது.

இன்னும் நேரடியாகவே சொல்கிறேன். உன் அப்பா பிடிபட்ட கடலை எடுத்துக்கொள். இந்தியாவும் இலங்கையும் அந்த எல்லையைப் போட்டது 1974 ஒப்பந்தத்தில். கச்சத்தீவு என்று எல்லோரும் பேசுகிறார்களே, அந்த ஒப்பந்தம்தான். அதன் தலைப்பிலேயே 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற சொல் இருக்கிறது. அது வெறும் அலங்காரச் சொல் இல்லை, சட்டச் சொல். ஒரு கடற்பரப்பைக் காலம் காலமாக யார் ஆண்டார்கள், யார் அதில் தொழில் செய்தார்கள் என்பதைப் பொறுத்து அந்தத் தண்ணீரின் சட்ட நிலையே மாறும். கடல் சட்டம் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 73-வது பிரிவைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு நாட்டின் தனிப் பொருளாதார மண்டலத்தில், அதாவது கரையோரக் கடலைத் தாண்டி மீன்வளத்தில் அந்த நாட்டுக்கே உரிமை உள்ள கடலில், மீன்பிடி விதியை மீறினார் என்பதற்காக வெளிநாட்டு மீனவரைச் சிறையில் போடக் கூடாது, நாடுகளுக்குள் அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தால் ஒழிய, என்கிறது அது. அப்படியானால் அப்பாவை எப்படி 43 நாள் வைத்தார்கள் என்று கேட்பாய். பாக் நீரிணை குறுகலானது. அங்கே பிடிபட்ட இடம் தனிப் பொருளாதார மண்டலமா, வரலாற்று நீர்ப்பரப்பா, கரையோரக் கடலா என்பதுதான் முதல் கேள்வி. பிரிவு எண்ணை மட்டும் படித்தவர் 73 என்று சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடுவார். வரலாறு படித்தவருக்குத்தான் அடுத்த கேள்வி தெரியும்.

இந்தக் கரையில் இருந்தே போன இரண்டு பழைய வழக்குகளை உனக்குச் சொல்ல ஆசை. இந்து சட்டம் படிக்கும் எல்லா மாணவரும், டெல்லியில் படித்தாலும் கொல்கத்தாவில் படித்தாலும், ராமநாதபுரம் என்ற பெயரைப் படித்துத்தான் ஆக வேண்டும். ராமநாதபுரம் ஜமீனில் சேதுபதி வாரிசு இல்லாமல் இறந்துபோனார். விதவை ராணி தத்து எடுத்தார். கணவர் அனுமதி கொடுக்காதபோது அந்தத் தத்து செல்லுமா என்று மதுரை கலெக்டர் கேள்வி எழுப்பினார். செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்குப் போய்விடும். 1868-ல் லண்டனில், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், தத்து செல்லும் என்றது. இந்து சட்ட முறையில், வழக்கத்துக்குத் தெளிவான நிரூபணம் இருந்தால் அது எழுதிவைத்த சட்டத்தைவிட எடை கூடியது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உன் ஊரில் இருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் நடந்த தத்து அது. அரண்மனையை நீயே பார்த்திருப்பாய்.

இன்னொன்று சங்கு வழக்கு. பாக் விரிகுடாவில் சங்குப் படுகையில் இருந்து சங்கு எடுத்தது திருட்டா என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடலுக்கு அடியில் கிடக்கும் சங்கு யாருக்கும் சொந்தமில்லை என்று ஒரு பக்கம். பல தலைமுறையாக இந்தப் படுகைகளை ஆட்சியாளர்கள் அனுபவித்து வந்திருக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம். திருட்டுதான் என்று சொல்வதற்கு நீதிமன்றம் பார்த்தது பழைய வரலாற்றைத்தான். உன் அம்மா பாசி எடுக்கப் போகும் தீவுகளை இதோடு வைத்துப் பார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டன. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அங்கே போய் வந்த பெண்களின் வழக்கத்துக்கு என்ன மதிப்பு? சட்டம் ஒன்று சொல்கிறது, வழக்கம் இன்னொன்று சொல்கிறது. நாளைக்கு யாராவது அம்மாவிடம் எத்தனை வருஷமாகப் போகிறீர்கள், யார் யார் போனார்கள், எந்த மாதத்தில் போவீர்கள் என்று கேட்டு, அதைச் சாட்சியமாக எழுத வேண்டும். அதற்குச் சட்டம் மட்டும் தெரிந்தால் போதாது.

மனப்பாடத்தைப் பற்றியும் ஒன்று. 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய்ப் புதிய மூன்று சட்டங்கள் வந்தன. 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்று ஊரே தெரிந்து வைத்திருந்த எண்கள் மாறிவிட்டன. கொலை 103 ஆனது, மோசடி 318 ஆனது. எண்ணை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஏன் அப்படி ஒரு குற்றம், அதற்கு என்னென்ன நிரூபிக்க வேண்டும் என்று புரிந்து படித்தவர்களுக்குச் சில வாரம்தான் பிடித்தது.

சேர்த்துப் படிப்பதா, தனித்தனியாகவா?

பி.ஏ., எல்.எல்.பி. ஐந்து வருடம். பி.ஏ. மூன்று, அப்புறம் சட்டம் மூன்று என்றால் ஆறு வருடம். வருடக் கணக்கு அவ்வளவுதான். இரண்டிலும் கடைசியில் கிடைக்கும் வக்கீல் பதிவு ஒன்றேதான். எந்த நீதிபதியும் நீ ஐந்து வருடமா மூன்று வருடமா என்று கேட்க மாட்டார்.

பி.ஏ. வரலாறு தனியாகப் படித்தால் வரலாற்றை ஆழமாகப் படிக்கலாம். ஐந்து வருடப் படிப்பில் அரசியல் அறிவியல், வரலாறு, சமூகவியல், பொருளியல், ஆங்கிலம் என்று பலவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவீர்கள். அதில் உண்மையிலேயே ஒரு குறை உண்டு. ஆனால் முதல் வருடத்திலேயே சட்டத்தின் வாசனை பட்டுவிடும். அரசியல் அறிவியலில் அரசு என்றால் என்ன என்று படித்துவிட்டு அரசியலமைப்புச் சட்ட வகுப்புக்குப் போகும்போது இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பொதுப் பன்னாட்டுச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் இரண்டும் கட்டாயப் பாடங்கள். உனக்கு வேண்டியவை இவை. ஐந்து வருடத்தில் குறைந்தது 20 வாரம் வக்கீல் அலுவலகம், கோர்ட் என்று பயிற்சிக்கும் போக வேண்டும்.

ஒரு ஆபத்தை மறைக்க மாட்டேன். ஒருங்கிணைந்த படிப்பை நடுவில் விட்டால் கையில் ஒன்றும் வராது. மூன்று வருடம் முடித்துவிட்டேன், பி.ஏ. மட்டும் கொடுங்கள் என்று கேட்க முடியாது. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. மறுபடியும் பிளஸ் டூ மார்க்ஷீட்டோடுதான் நிற்க வேண்டியிருக்கும். அதனால் சட்டம்தானா என்று மனதில் சந்தேகம் இருக்கிறவர்களுக்கு நான் பி.ஏ. முடித்துவிட்டு வா என்றுதான் சொல்வேன்.

உனக்கு அப்படிச் சொல்லவில்லை. காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. பி.ஏ. முடிக்கும்போது உனக்கு வயது 21. அம்மா கல்யாணத்துக்குச் சொல்லும் வயதும் 21. அந்த வருடம் வீட்டில், "ஒரு டிகிரி ஆச்சுல்ல, போதும்" என்று பேச்சு வரும். நம்ம பக்கத்தில் எத்தனை பெண்களின் சட்டப் படிப்பு அந்த இரண்டு படிப்புகளுக்கு நடுவில் இருக்கும் கோடை விடுமுறையில் நின்றுபோயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னோடு பள்ளியில் படித்தவர்களிலேயே உண்டு. ஐந்து வருடப் படிப்பில் 21 வயதில் நீ பாதி தாண்டி நிற்பாய். நடுவில் நிறுத்தினால் ஒன்றும் கிடையாது என்ற அந்த விதியே அப்போது உனக்குத் துணையாக இருக்கும். "இப்ப நிறுத்தினா கட்டின பணமெல்லாம் போச்சும்மா" என்று அம்மாவிடம் சொல்லலாம். அம்மாவுக்குக் கணக்கு புரியும்.

எங்கே சேர்வது?

ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி 2017-ல் வந்துவிட்டது. அதற்கு முன் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. இது தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. பலர் அது மருத்துவத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். நீ விடாதே. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். உங்கள் வீட்டில் நீதான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இப்போதே தாசில்தார் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்.

திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நல்ல இடம். அதற்கு கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அது ஆங்கிலத்தில் இருக்கும், வருடச் செலவு லட்சத்தைத் தாண்டும். அதற்காக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆங்கிலம்

பயம் நியாயமானது. ஆனால் பாதி பயம் போதும். மாவட்ட நீதிமன்றங்களில் தமிழில் வாதாடலாம், சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது. தமிழில் தேர்வு எழுதி வக்கீலாகி நன்றாகத் தொழில் செய்கிறவர்கள் என் கோர்ட்டிலேயே இருக்கிறார்கள். வக்கீலாகப் பதிவு செய்தவர்கள் எழுதும் அகில இந்திய பார் தேர்வையும் தமிழில் எழுதலாம். குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போகலாம்.

மீதிப் பாதி உண்மை. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். நமக்கு அது மதுரைக் கிளை. உன் அப்பாவைப் போன்றவர்களின் மனுக்கள் போகும் இடமும் அதுதான். அதனால் முதல் இரண்டு வருடத்தில் வரும் ஆங்கிலப் பாடத்தை விடாதே. நான் செய்ததைச் சொல்கிறேன். தினமும் ஒரு தீர்ப்பில் ஒரே ஒரு பக்கம். தெரியாத சொல்லை அடிக்கோடு போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று தமிழில் ஐந்து வரி எழுதுவேன். ஆறு மாதத்தில் அடிக்கோடு குறைந்துவிட்டது. தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு ஆங்கிலம் வந்து சேரும். தமிழிலும் குழப்பமாக எழுதுகிறவருக்குத்தான் எந்த மொழியும் உதவாது.

நீதிபதி தேர்வும் யாழ்ப்பாணமும்

படித்து முடித்ததும் நேராக சிவில் நீதிபதி தேர்வு எழுதலாம் என்பது இப்போது சரியில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பதவிக்கு மூன்று வருட வக்கீல் அனுபவத்தைத் திரும்பவும் கட்டாயம் ஆக்கிவிட்டது. ஆக ஐந்து வருடம் படிப்பு, மூன்று வருடம் தொழில், அப்புறம்தான் தேர்வு. வீட்டில் இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடு.

அந்த மூன்று வருடமும் பண விஷயத்தில் கஷ்டமானது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்றது. எல்லா சீனியரும் கொடுக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னால் அது பொய். பதிவுக் கட்டணத்தில் மட்டும் பாரம் குறைந்திருக்கிறது. முன்பு பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவுக்கு 750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றுவிட்டது.

யாழ்ப்பாணம் கோர்ட். இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. இந்தியாவில் பதிவு செய்த வக்கீல் இலங்கை நீதிமன்றத்தில் ஆஜராக முடியாது. அங்கே அந்த நாட்டு வக்கீல்தான் நிற்க வேண்டும். நீ நிற்கக்கூடிய இடம் வேறு, அதுவும் சின்ன இடமில்லை. பிடிபட்ட படகை மீட்க, இழப்பீடு கேட்க, அரசு என்ன நடவடிக்கை எடுத்தது என்று கேட்க மதுரைக் கிளையில் மனுப் போடுவது இங்கத்து வக்கீல்தான். அங்கிருக்கும் வக்கீலுக்கு வேண்டிய படகுப் பதிவு, கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுக்கும் டோக்கன், ஆளின் அடையாளம் எல்லாவற்றையும் வரிசையாகத் தொகுத்து அனுப்புவதும் இங்கேதான். அம்மா அலைந்த 43 நாளில் அந்த வேலையைச் செய்ய ஒரு ஆள் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசி. இன்னொன்றும் தெரிந்துகொள். 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி ஒரு பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ராமநாதபுரம் கோர்ட்டில்தான் இருக்கிறது. அந்தக் காகிதத்தை அங்கே எடுத்துப் போயிருந்தால் படித்துச் சொல்லியிருப்பார்கள். இனி தெருவில் யாருக்கு இப்படி வந்தாலும் முதலில் அங்கே அனுப்பு. அதற்கு நீ வக்கீல் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

கல்லூரி திறக்க நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு வேலை செய். அப்பா தொழிலுக்குப் போகாத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த 43 நாளையும் தேதி வாரியாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுது. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், படகில் எத்தனை பேர், எந்தத் திசையில் வெளிச்சம் தெரிந்தது, எந்தக் கோர்ட்டுக்கு எத்தனை தடவை கொண்டுபோனார்கள், மொழிபெயர்க்க ஆள் இருந்தாரா. அப்பா சொல்வதை உன் வார்த்தையில் மாற்றாதே, அவர் சொல்கிறபடியே எழுது. அவருக்குத் தேதி நினைவில்லை என்றால் அன்றைக்கு என்ன சாப்பாடு, மழையா, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு முன்னாலா பின்னாலா என்று கேள், தேதி தானே வரும். அப்புறம் அந்தக் காகிதத்தை எடுத்து வை. அதில் அப்பா கையெழுத்துப் போட்டாரா, போட்ட இடத்தில் என்ன எழுதியிருந்தது, அது எந்த மொழியில் இருந்தது, கையெழுத்துப் போடும் முன் யாராவது அதைத் தமிழில் படித்துக் காட்டினார்களா என்று கேட்டு அதையும் எழுது.